வீட்டுத் தோட்டத்தில் இரண்டு தேன் பெட்டி: செலவு எவ்வளவு, எங்கே சறுக்கும்?

கேள்வி இது: திண்டுக்கல் பக்கம் 15 சென்ட் இடத்தில் வீடு. பத்துத் தென்னை, நாலு முருங்கை, கொய்யா, பூசணிக் கொடி உண்டு. இரண்டு தேன் பெட்டி வைக்க ஆசை, கையில் 10,000 ரூபாய் இருக்கிறது. போதுமா? எப்போது தொடங்கலாம்? வருஷத்துக்கு எவ்வளவு தேன் கிடைக்கும்? அக்கம்பக்கத்தாரைக் கொட்டுமா?

பத்தாயிரம் கிட்டத்தட்டப் போதும். பெட்டி வாங்கும் அன்று கொடுக்கும் பணத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும். பூவில் தேன் நிற்காது, நீங்களும் மூன்று வாரம் பெட்டியைத் திறந்திருக்க மாட்டீர்கள். ஒருநாள் மூடியைத் தூக்கினால் தேனீ ஒன்றுகூட இருக்காது, அடையெங்கும் நூலாம்படை பின்னிக் கிடக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் பணத்தை இழப்பது அங்கேதான். அதனால் கணக்கை அந்த மழைக்காலத்தை நினைத்துப் போட வேண்டும்.

முதலில் எந்தத் தேனீ என்பது. மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் வெட்டவெளியில் ஒற்றை அடை கட்டுபவை, பெட்டிக்குள் அடங்காது. இத்தாலியத் தேனீ அதிகத் தேன் தரும். ஆனால் அதற்குப் பெரிய பெட்டி வேண்டும், பூ இருக்கும் ஊரைத் தேடிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பத்து தென்னையை நம்பி அதை வாங்கினால், பூ இல்லாத நாளில் அதற்கு ஊட்டச் சர்க்கரை வாங்கியே ஓய்ந்துபோவீர்கள். கொசுத்தேனீ கொட்டாது, மண்பானையிலும் மூங்கிலிலும் வாழும், ஆனால் வருஷத்துக்குச் சில நூறு கிராம்தான் தேன். வீட்டில் கைக்குழந்தையோ கொட்டினால் ஒவ்வாமை வருபவரோ இருந்தால் அதுவே சரி. மற்றவர்களுக்கு இந்தியத் தேனீ, அதாவது மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் ஏழெட்டு அடையை வரிசையாகத் தொங்கவிட்டு வாழும் அடுக்குத் தேனீ. மார்த்தாண்டம் பக்கம் வீட்டுக்கு வீடு ரப்பர் மரத்தடியில் நிற்கும் பெட்டிகளில் இருப்பதும் இதுதான்.

இந்த ஈக்குத் தென்னிந்தியாவில் புழங்கும் சிறிய பெட்டிக்கு நியூட்டன் பெட்டி என்று பெயர். திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன் 1911-17 வாக்கில் வடிவமைத்தது. கீழே அடிப்பலகை, அதன்மேல் ராணி முட்டையிட்டுக் குஞ்சு வளரும் புழு அறை, அதற்குமேல் பாதி உயரத்தில் தேன் அறை, உள்மூடி, மேல்மூடி. புழு அறையில் ஈ அடை கட்ட ஏழு மரச் சட்டம் நிற்கும், ஒவ்வொன்றின் உள்ளளவு 20.5 செ.மீ. நீளம், 14.5 செ.மீ. உயரம். தேன் அறைச் சட்டத்தின் உயரம் 6.2 செ.மீ.தான். மார்த்தாண்டத்தில் செய்யும் பெட்டிகள் அளவில் சற்றே மாறும். எதை வாங்கினாலும் இரண்டு பெட்டியும் ஒரே பட்டறையில் செய்ததாக இருக்கட்டும். ஒன்றின் சட்டம் மற்றதில் உட்காரவில்லை என்றால் பின்னால் கூட்டம் பிரிக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது.

உள்ளூர் ஆசாரியிடம் படத்தைக் காட்டிச் செய்யச் சொன்னால் பெரும்பாலும் சொதப்புவது இடைவெளியில்தான். அடைக்கும் அடைக்கும் நடுவிலும், சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவிலும் ஈ நடக்க 7 முதல் 8 மி.மீ. வழி வேண்டும். அதைவிட அகலமாக விட்டால் ஈ அந்த இடத்தில் குறுக்கே இன்னொரு அடை கட்டிவிடும், ஒரு சட்டத்தைத் தூக்கினால் மூன்று சேர்ந்து வரும். குறைந்தால் ஈ நசுங்கும். நசுங்கிய ஈயின் வாடைக்கே மற்றவை கொட்ட வரும். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கலாம், உள்ளே எதையும் பூசக் கூடாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று அடை கட்டத் தொடக்கமாகச் சட்டத்தில் ஒட்டும் மெழுகுத் தாளை, இத்தாலியத் தேனீக்கானதை வாங்கி ஒட்டாதீர்கள். அதில் அச்சடித்த அறுகோணம் நம் ஈக்குப் பெரிது. தாளே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சட்டத்தின் மேல்கட்டை அடியில் ஒரு கோடு மெழுகு உருக்கித் தேய்த்துவிட்டால் அதைப் பிடித்து நேராகக் கட்டும்.

இப்போது ரூபாய்க் கணக்கு. ஊருக்கு ஊர் விலை கொஞ்சம் ஏறும், இறங்கும். காலிப் பெட்டி ஒன்று 1,400 முதல் 2,000 வரை. நாலைந்து சட்டம் நிறைய ஈயும் ராணியும் உள்ள கூட்டம் 1,500 முதல் 2,000 வரை. இரும்புத் தாங்கி 400 முதல் 600. இரண்டு பெட்டிக்கு இதுவரை 6,600-லிருந்து 9,200. முகவலை, புகைப்பான், சட்டம் நெம்ப ஒரு தட்டை உளி, மென்மையான பிரஷ் எல்லாம் சேர்த்து ஆயிரம். வண்டிச் செலவு ஐந்நூறு, அறுநூறு. முதல் வருஷச் சர்க்கரை 8 கிலோ, சுமார் 400. மொத்தம் 8,500-லிருந்து 11,500-க்குள் முடியும். தேன் எடுக்கும் சுழல் கருவி 4,000-க்குக் குறைந்து நல்லதாகக் கிடைக்காது. முதல் வருஷம் அது வேண்டவே வேண்டாம். எடுக்கப்போவது ஐந்தாறு கிலோ, அதற்கு வளர்ப்பவர் ஒருவரிடம் ஒருநாள் இரவல் வாங்கினால் போதும். கையுறையும் தள்ளிப்போடலாம். தடித்த கையுறை போட்டால் விரலுக்கு உணர்ச்சி போய் ஈயை நசுக்குவீர்கள், அதனாலேயே கூடுதலாகக் கொட்டு வாங்குவீர்கள்.

ஒரே பெட்டியில் தொடங்கிப் பாதிச் செலவில் முடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரு பெட்டியில் ராணி செத்துப்போனால் மற்றதிலிருந்து முட்டையுள்ள ஒரு சட்டத்தைக் கொடுத்துப் புது ராணியை வளர்க்கவிடலாம். ஒற்றைப் பெட்டிக்காரருக்கு அந்த வழியே கிடையாது. ஒன்று ஏன் மெலிகிறது என்பதும் பக்கத்தில் ஒப்பிட இன்னொன்று இருந்தால்தான் தெரியும்.

தோட்டக்கலைத் துறை மானியமும் உண்டு. ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தில் பெட்டிக்கும் கூட்டத்துக்கும் தனித்தனியாக 2,000 ரூபாய் மதிப்பு வைத்து அதில் 40 சதவீதம் என்பது நெடுநாள் இருந்த கணக்கு. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மானியம் வரும் மாதமும் ஈ வாங்க வேண்டிய மாதமும் ஒன்றாக அமைவது அபூர்வம். துறை கொடுக்கிறதே என்று புரட்டாசியில் பெட்டி வாங்கி வைத்தவர்கள் மார்கழியில் காலிப் பெட்டியோடு நிற்பதைப் பார்க்கலாம். இதைவிட உருப்படியானது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மாதந்தோறும் நடக்கும் ஒருநாள் பயிற்சி. சட்டத்தைக் கையில் பிடித்து முட்டை எது, புழு எது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

உங்கள் பக்கத்துக்கு வாங்க ஏற்ற காலம் மார்கழிக் கடைசி, தை முதல் பாதி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். அதன்பின் முருங்கை, மா, வேம்பு, சீமைக்கருவேலம், புளி என்று ஆனி வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும். கூட்டம் தன் சம்பாத்தியத்திலேயே பெருகும், நீங்களும் நல்ல காலத்தில் கற்றுக்கொள்வீர்கள். யாராவது மழைக்கு முன்னால் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால், மூன்று மாதச் சர்க்கரைச் செலவை உங்கள் தலையில் கட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். நாலு சட்டமாவது இருபுறமும் ஈ மூடியிருக்க வேண்டும். ஒரு புழுச் சட்டத்தை எடுத்து முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி நின்று கண்களுக்குள், அதாவது அடையின் அறுகோண அறைகளுக்குள் பாருங்கள். அடியில் ஊசி நட்ட மாதிரி வெள்ளையாக ஒரே ஒரு முட்டை நிற்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் ராணியைத் தேட வேண்டியதில்லை, மூன்று நாளுக்குள் அவள் அங்கே இருந்திருக்கிறாள். ஒரே கண்ணில் மூன்று நாலு முட்டை, அதுவும் சுவரோரம் தாறுமாறாகக் கிடந்தால் ராணி இல்லை, வேலைக்காரத் தேனீக்கள் முட்டையிடத் தொடங்கிவிட்டன. அந்தப் பெட்டி சும்மா கொடுத்தாலும் வேண்டாம். மூடிய புழு அடை வெளிர் பழுப்பில், ஓட்டை விழாமல் பரவலாக இருக்க வேண்டும். அடை ஓரத்தில் சில மூடிகள் மட்டும் புடைத்து, நடுவில் குண்டூசி குத்திய மாதிரி ஒரு துளையோடு தெரியும். நோய் என்று பயந்துவிடாதீர்கள். அது ஆண் தேனீயின் கண், இந்தியத் தேனீயில் அந்த மூடி அப்படித்தான் இருக்கும்.

உண்மையான நோயின் அடையாளம் வேறு. புழு கண்ணுக்குள் நீட்டிப் படுத்து, தலை மேல்நோக்கித் தூக்கியபடி செத்திருக்கும். சிறு குச்சியால் தூக்கினால் தண்ணீர் நிரம்பிய பை மாதிரி முழுசாக வரும். இது தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்னும் வைரஸ். 1991-92ல் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியைத் துடைத்தெடுத்தது இதுதான். மருந்து கிடையாது. பிறகு வந்தவையெல்லாம் அதில் பிழைத்த கூட்டங்களின் வாரிசுகள். இப்போதும் மெலிந்த கூட்டத்தில் தலைகாட்டும். உங்கள் பெட்டியில் வந்தால் அதன் சட்டத்தை மற்ற பெட்டிக்கு மாற்றாதீர்கள், தொட்ட உளியைக் கொதிநீரில் கழுவுங்கள். ராணியைச் சிறு கூண்டில் இரண்டு வாரம் அடைத்து முட்டையிடாமல் நிறுத்தினால் வைரஸுக்குப் புதுப் புழு கிடைக்காது, ஈ பழைய அடையைத் துப்புரவாக்கிக்கொள்ளும். எல்லாக் கூட்டமும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

பொந்திலிருந்து பிடித்தால் இலவசம்தானே என்று கேட்பீர்கள். இலவசம்தான். புழு அடைகளை அறுத்து, சட்டத்துக்குள் பொருத்தி, வாழை நாரால் கட்டிவிட வேண்டும். தலைகீழாகக் கட்டிவிடக் கூடாது, கண்கள் லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், அதே சாய்வில் நிற்க வேண்டும். இரண்டு நாளில் ஈ மெழுகால் ஒட்டிக்கொண்டு நாரைக் கடித்து வெளியே தள்ளும். ஆனால் பிடிக்கும்போது ராணி தப்பினால் அத்தனை உழைப்பும் வீண். முதல் கூட்டத்தை வாங்கிக்கொள்ளுங்கள், பிடிப்பதை இரண்டாம் வருஷம் பழகலாம்.

இடம்: காலை வெயில் படவும் மதியம் நிழல் விழவும் வேண்டும். தென்னைக்கு நேர் கீழே வைக்காதீர்கள், மட்டை விழுந்தால் பெட்டி போச்சு. கொய்யாவின் கிழக்குப் பக்கம் நல்ல இடம். பெட்டியின் வாசல் கிழக்கு நோக்கி, அதற்கு முன்னால் பத்தடி ஆள் நடமாடாமல். பக்கத்து வீடு அருகில் என்றால் வாசலுக்கு நாலைந்தடி தள்ளி ஆறேழு அடி உயரத்தில் வேலியோ பச்சை வலையோ கட்டுங்கள். ஈ அதைத் தாண்ட மேலே ஏறிப் பறக்கும், அதன்பின் மனிதர் தலைக்கு மேல்தான் அதன் பாதை. இரண்டு பெட்டிக்கும் நடுவே ஆறடி. ஆடு, மாடு பக்கத்தில் கட்டக் கூடாது. வாசலுக்கு நேராக இரவில் பல்பு எரியக் கூடாது, வெளிச்சத்தைப் பார்த்து வந்து கீழே விழுந்து கிடக்கும் ஈயைத்தான் குழந்தைகள் மிதிப்பார்கள். அக்கம்பக்கத்துப் புகார் பெரும்பாலும் கொட்டியதால் வருவதில்லை, தண்ணீர்த் தொட்டியிலும் குழாயடியிலும் ஈ மொய்ப்பதால் வருகிறது. பெட்டி வரும் முன்பே, அகலமான மண்தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்துவிடுங்கள். ஒருமுறை பழகிவிட்டால் அங்கேயே வரும், வேறு இடம் பழகிவிட்டால் மாற்றுவது கஷ்டம்.

தாங்கியின் காலில் எறும்புக் கிண்ணம் இருக்கும். அதில் தண்ணீர் வற்றக் கூடாது, காய்ந்த இலை ஒன்று குறுக்கே விழுந்தாலும் எறும்புக்கு அது பாலம். வாரம் ஒருமுறை கழுவி ஊற்றுங்கள், இல்லையென்றால் டெங்குக் கொசு வளர்ப்பதாக நகராட்சி ஆள் சத்தம் போடுவார், அவர் சொல்வதும் நியாயம்தான்.

பெட்டியை இரவில்தான் கொண்டுவர வேண்டும். இருட்டியபின் எல்லா ஈயும் உள்ளே வந்ததும் வாசலில் கம்பிவலை அடைத்து, அடைகள் வண்டி போகும் திசைக்கு இணையாக இருக்கும்படி வைத்துக் கொண்டுவாருங்கள். குறுக்கே வைத்தால் பிரேக் போடும்போது அடை ஆடி அறுந்துவிழும். தாங்கியில் வைத்துக் கால் மணி நேரம் அடங்கவிட்டு வலையை எடுங்கள். வாசலில் ராணி வெளியேற முடியாத துளைத் தகடு ஒன்றை ஒரு வாரம் மட்டும் வையுங்கள், அதற்குமேல் வைத்தால் ஆண் தேனீக்கள் உள்ளேயே அடைபட்டுச் சாகும். நாலு நாள் திறக்காதீர்கள். வைத்த இடம் பிடிக்கவில்லை என்று மறுநாள் பத்தடி தள்ளி வைத்தால் வெளியே போன ஈ பழைய இடத்துக்கே வந்து காற்றில் சுற்றும். நகர்த்துவதானால் ஒரு நாளைக்கு ஓரிரு அடி, இல்லையென்றால் ஒரேயடியாக இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டி.

அதன்பின் வாரம் ஒருமுறை, வெயில் ஏறிய பத்து மணி வாக்கில், பெட்டிக்குப் பத்து நிமிஷம். புகைப்பானில் காய்ந்த தேங்காய் நார் போட்டு வாசலில் இரண்டு ஊது, மூடிக்கடியில் ஒன்று, அவ்வளவுதான். இந்தியத் தேனீ புகை கூடினால் சாந்தமாகாது, அடையை விட்டு மந்தையாக ஓடி மூலையில் குவியும். சட்டத்தைப் படுக்கை வசத்தில் திருப்பாதீர்கள், மதிய வெக்கையில் புது அடை கனம் தாங்காமல் பொத்தென்று விழும். செங்குத்தாகவே ஒரு முனையை உயர்த்திச் சுழற்றி மறுபக்கம் பாருங்கள்.

அந்தப் பத்து நிமிஷத்தில் கடைசியாகச் செய்ய வேண்டியதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: அடிப்பலகையைச் சுரண்டித் துடைப்பது. இந்தியத் தேனீ பழைய கறுத்த அடையைக் கடித்துக் கீழே கொட்டும் பழக்கம் உள்ளது. அந்த மெழுகுத் தூள் விரலளவு சேர்ந்தால் போதும், மெழுகுப்பூச்சி அதில் முட்டையிடும். புழு தூளைத் தின்று வளர்ந்து அடைக்குள் ஏறி நூல் சுரங்கம் போடும். ஈக்கு அதை விரட்டும் தெம்பு இருக்கிறது, அடை முழுக்க ஈ மூடியிருந்தால். மூன்று சட்டத்துக்கு மட்டும் ஈ உள்ள பெட்டியில் ஏழு அடை விட்டுவைத்தால் மிச்ச நாலும் மெழுகுப்பூச்சிக்குத்தான். ஈ மூடாத அடையை எடுத்து, அந்த இடத்தில் மரப்பலகை ஒன்றைத் தடுப்பாக வைத்துக் கூட்டத்தை நெருக்கி வையுங்கள். மழைக்காலத்துக்கு இதைவிட நல்ல வைத்தியம் இல்லை.

அடுத்தது பசி. புழுச் சட்டங்களின் மேல் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் மூடிய தேன் இருந்தால் உணவு வேண்டாம். அது காலியாகி, முட்டையும் குறைந்தால் அன்று மாலையே சர்க்கரைப் பாகு. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சம எடை வெள்ளைச் சர்க்கரை கலக்கி, நன்றாக ஆறவிடுங்கள். பெட்டிக்கு வாரம் 200 கிராம் சர்க்கரை. காலித் தேன் அறைக்குள் சட்டங்களின் மேல் ஒரு கொட்டாங்குச்சியை வைத்து ஊற்றி, ஈ மூழ்காமல் இருக்க நாலு ஈர்க்குச்சி போடுங்கள். பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ பக்கத்துப் பெட்டி ஈ திருட வரும், சண்டையில் மெலிந்த கூட்டம் அழியும். வெல்லமும் கருப்பட்டியும் வேண்டாம், வயிறு கெட்டு வாசலெங்கும் கழிந்து வைக்கும். கடைத் தேன் கூடவே கூடாது, அதோடு எந்த ஊர் நோய் வருமோ. புரட்டாசி முதல் மார்கழி வரை இப்படி ஊற்றினால் பெட்டிக்கு நாலு கிலோவுக்குள் முடியும். இருநூறு ரூபாய்ச் சர்க்கரை இரண்டாயிரம் ரூபாய்க் கூட்டத்தை நிறுத்திவைக்கிறது.

ஏனென்றால் இந்த ஈ பட்டினி கிடந்து சாவதில்லை, கிளம்பிவிடும். பசி, எறும்பு, மெழுகுப்பூச்சி, தாளாத வெயில், அடிக்கடி திறந்து தொந்தரவு செய்தல் எதுவானாலும் முதலில் ராணி முட்டையிடுவதை நிறுத்துவாள், கடைசிப் புழுவும் பொரிந்து வந்தபின் இருக்கும் தேனை வயிற்றில் நிரப்பிக்கொண்டு மொத்தமாகப் போய்விடும். ஓடும் முன் இரண்டு வாரமாவது அடை காட்டிக்கொடுக்கும். முட்டை இல்லை, இளம்புழு இல்லை என்றால் அன்றே பாகு, அன்றே துப்புரவு, வாசலில் ராணித் தகடு.

கூட்டம் பிரிவது இதற்கு நேர் எதிர். அது வளத்தால் வருவது. தை, மாசியில் அடிப்பலகையில் கடுகளவுக்குச் சற்றுப் பெரிய, துளையுள்ள சின்ன மூடிகள் உதிர்ந்து கிடந்தால் ஆண் தேனீக்கள் பொரிக்கின்றன என்று அர்த்தம். அடையின் கீழ் விளிம்பைப் பாருங்கள், நிலக்கடலைத் தொலி போல ராணிக் கூடுகள் தொங்கும். விட்டால் பழைய ராணி பாதி ஈயோடு பறந்துவிடுவாள். அந்த வருஷத் தேனும் அவளோடு போகும். கூட்டம் வேண்டாமென்றால் வாரம் ஒருமுறை கூடுகளைக் கிள்ளிவிட்டு, தேன் அறையை ஏற்றி இடம் கொடுங்கள். வேண்டுமென்றால் மூடிய ராணிக் கூடு ஒன்றோடு பாதிச் சட்டங்களைப் புதுப் பெட்டியில் வைத்து, பழைய பெட்டி நின்ற இடத்தின் இருபுறமும் அரையடி அரையடி தள்ளி இரண்டையும் நிறுத்துங்கள். வயலுக்குப் போய்வரும் ஈ இரண்டாகப் பிரிந்து இறங்கும். புது ராணி பொரித்து, பறந்து இணைசேர்ந்து முட்டையிட இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். மூன்று வாரம் தாண்டியும் முட்டை இல்லையென்றால் பழைய கூட்டத்தின் மேல் ஏற்றி, நடுவில் செய்தித்தாள் விரித்துச் சேர்த்துவிடுங்கள். தாளைக் கடித்து முடிப்பதற்குள் வாடை ஒன்றாகிவிடும், சண்டை வராது.

பூச்சிமருந்து உங்கள் கையில் இல்லாத ஆபத்து. நத்தம் பக்கம் மா பூக்கும்போது தத்துப்பூச்சிக்கு அடிப்பார்கள், காய்கறித் தோட்டங்களில் இமிடாகுளோபிரிட் சாதாரணமாகப் புழங்குகிறது. நம் ஈ ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் மேயும். அந்த வட்டத்தில் யார் அடிப்பார் என்று விசாரித்து, சாயங்காலம் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள், ஒரு பாட்டில் தேனோடு கேட்டால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். அடிக்கும் முந்தைய இரவு வாசலில் வலை அடைத்து, மேலே ஈரச் சாக்கு போட்டு, உள்ளே தண்ணீர் வைத்து ஒருநாள் அடைத்து வைக்கலாம். அதற்குமேல் வெக்கை தாங்காது. ஈயைப் பிடித்துத் தின்ன வரும் பெரிய குளவியான கடந்தைக்கு வாசலை இரண்டு ஈ நுழையும் அளவுக்குக் குறுக்கி, கொசு பேட்டோடு நாலு நாள் காத்திருந்து அடிப்பதுதான் வழி.

தேன். புழு அறையின் ஏழு சட்டமும் ஈ நிறைந்தபின் தேன் அறையை ஏற்றுங்கள், ஏற்றிய நாளிலிருந்து சர்க்கரை ஊற்றக் கூடாது, ஊற்றினால் பாட்டிலுக்கு வருவது பாகுதான். சட்டத்தில் முக்கால் பாகத்துக்கு மேல் வெள்ளை மெழுகு மூடியபின் எடுங்கள். மூடாத தேனில் ஈரம் அதிகம், ஒரு மாதத்தில் நுரைத்துப் புளிக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு 20 சதவீத ஈரம், இந்தியத் தேனீயின் தேன் மூடியபின்பே அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். நன்றாக நிறைந்த ஒரு தேன் சட்டம் கால் கிலோவுக்குச் சற்றுமேல் தரும். கதவடைத்த அறையில் மூடியைச் சீவி, சுழற்றி எடுத்து, காலி அடையை அன்று மாலையே திருப்பி வையுங்கள். அடையைப் பிழிந்து எடுப்பவர் தேனை அல்ல, அடுத்த தேனையே இழக்கிறார், ஒரு கிலோ மெழுகு சுரக்க ஆறேழு கிலோ தேன் செலவாகும் என்பது தேனீ வளர்ப்பவர்களின் கணக்கு. புழு அறையின் தேனில் கை வைக்கக் கூடாது. அது ஐப்பசிக்கு அவை சேர்த்த சோறு.

கொட்டு: கொடுக்கைச் சுரண்டியோ கிள்ளியோ உடனே எடுத்து எறியுங்கள், தாமதித்தால் மிச்ச விஷமும் இறங்கும். அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவுங்கள், அபாய வாடை போகாவிட்டால் அடுத்ததும் அங்கேயே கொட்டும். வீக்கமும் அரிப்பும் சாதாரணம். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடம்பெங்கும் தடித்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனை.

வரவு என்ன? முதல் வருஷம் இரண்டு பெட்டியிலும் சேர்த்து ஐந்தாறு கிலோ கிடைத்தால் நல்லது. அடை கட்டவே பாதி போய்விடும். இரண்டாம் வருஷத்திலிருந்து பெட்டிக்கு ஐந்து முதல் எட்டு கிலோ நியாயமான எதிர்பார்ப்பு. தெரிந்தவர்களிடம் கிலோ 500 என்று விற்றாலும் போட்ட பணம் திரும்ப மூன்றாம் வருஷம் ஆகும், நடுவில் ஒரு கூட்டம் ஓடினால் நாலாம் வருஷம். முகநூலில் சொல்வது போல மாதம் பத்தாயிரம் இரண்டு பெட்டியில் வராது. பூசணியும் கொய்யாவும் கூடுதலாகக் காய்ப்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். கடைக்குப் போட்டு விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இப்போதே செய்யக்கூடியது இரண்டு. தாங்கியை நட்டு எறும்புக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, மதியம் மூன்று மணிக்கு அந்த இடத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். கூட்டத்துக்குக் கார்த்திகையிலேயே சொல்லிவைத்துவிடுங்கள், தை பிறந்தபின் கேட்டால் நல்ல பெட்டிகள் எல்லாம் போயிருக்கும்.